பதினாலாம் எண் மஞ்சள்

பிப்ரவரி 4, சனி

தோட்டக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர்கள் இனி வீட்டுத் தோட்டப் போட்டியில் கலந்துகொள்ள முடியாதாம். வேண்டுமானால் நடுவராக இருக்கலாமாம். புதிய விதி. குன்னூரில் ஐந்து வருஷம் தொடர்ந்து வாங்கியவள் நான் ஒருத்திதான். ஒருத்திக்காக ஒரு விதியே போட்டிருக்கிறார்கள், பெருமைப்பட வேண்டியதுதான்.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நல்லதுதான திலகா. இனிமே நிம்மதியா பூவப் பாக்கலாம்.”

நிம்மதியாகப் பார்ப்பதற்காக நான் பூ வளர்க்கிறேன் என்று இவரிடம் யார் சொன்னது? முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்த மனிதர். இலை வாடினால்தான் இவருக்கு வேலையே ஆரம்பமாகும். பூவைப் பற்றி என்ன தெரியும்.

நடுவராக இருக்கச் சம்மதம் என்று பதில் எழுதிவிட்டேன். மார்க் போடுவது எப்படி என்று இந்த ஊருக்கு ஒருத்தி காட்ட வேண்டும்.

பிப்ரவரி 7, செவ்வாய்

டே லில்லிப் பாத்திக்கு எரு வைத்தேன். இருபத்திரண்டு ரகம், எல்லாம் மஞ்சளும் பொன்னும். ஒரு காலத்தில் சிவப்பும் வைத்துப் பார்த்தேன். மலை வெயிலில் மத்தியானத்துக்குள் சாயம்போன பாவாடை மாதிரி ஆகிவிடும். மஞ்சள் அப்படியில்லை. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு என்றாலும் அந்த ஒரு நாளில் ஏமாற்றாது. மறுநாள் காலையில் வாடியதைக் கிள்ளிப் போட்டால் அடுத்த மொட்டு விரிந்திருக்கும். ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் கொடுத்தால் போதும், மனிதர்களைவிட நாணயமாக நடந்துகொள்ளும்.

இதில் எண் 14 என்னுடையது. பதினைந்து வருஷத்துக்கு முன் இரண்டு மஞ்சள்களை நானே மகரந்தம் தொட்டுச் சேர்த்தேன். இருநூறு நாற்று வந்தது. நாலாம் வருஷம் பூத்தபோது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். பழுத்த பொன் நிறம், தொண்டையில் துளி பச்சை, ஓரத்தில் அப்பளம் பொரிந்தது போல ஒரு சுருக்கம். உலகத்திலேயே இது என் பாத்தியில் மட்டும்தான் இருக்கிறது. விதை போட்டால் வேறு ஏதாவதுதான் வரும். தூரைப் பிரித்துக் கன்றாக நட்டால்தான் இதே மஞ்சள் வரும். அதனால்தான் யாருக்கும் ஒரு கன்றுகூடக் கொடுத்ததில்லை. செப்டம்பரில் தூர் பிரிக்கும்போது மிஞ்சியதை இவரிடம் கொடுத்து எரிக்கச் சொல்லிவிடுவேன். வேறு எந்த வேலை சொன்னாலும் முனகுபவர், இதை மட்டும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போவார்.

அதற்கு முதலில் ஒரு பெயர் இருந்தது. எட்டு வருஷமாக எண் 14.

பிப்ரவரி 11, சனி

இரண்டாம் சனி. இவர் வழக்கம்போல் முட்டி வலிக்கு ஹோமியோபதி மருந்து வாங்கக் கோத்தகிரிக்குப் போனார். மாதத்தில் இரண்டாம் சனி, நாலாம் சனி. ஏழு வருஷமாகச் சாப்பிட்டும் முட்டி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் விடமாட்டார். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் வந்து, முதல் வேலையாகக் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். காட்டுப்பன்றி இப்போது மார்க்கெட் வரைக்கும் வருகிறதாம்.

நகக்கண்ணில் செம்மண் இருந்தது. மருந்துக்கடையில் என்ன மண் என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் தடுக்கி விழுந்தாராம். இந்த வயதில் பார்த்து நடக்க வேண்டாமா என்று திட்டி, தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டேன். முட்டியில் சிராய்ப்பு ஒன்றும் இல்லை.

மார்ச் 2, வியாழன்

மழை இல்லை. வாளியில் தண்ணீர் சுமந்தேன். இடுப்பு போயிற்று.

மார்ச் 25, சனி

நாலாம் சனி. இவர் ஊரில் இல்லை. எண் 14இல் முதல் தண்டு எட்டிப் பார்க்கிறது.

எதிர்வீட்டு அம்மாள் மகள் வளைகாப்புக்கு அழைத்தாள். “உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா?” என்று புதிதாக வந்த அவளுடைய சம்பந்தி கேட்டாள். இல்லை என்றேன். சொல்லிச் சொல்லி அது சுலபமாக வருகிறது. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் வளையல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 12, புதன்

நடுவர்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் லூர்துசாமி சாருக்கும் கோத்தகிரி, ‘சிறு தோட்டம்’ பிரிவு. அவர் தோட்டக்கலைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் “அழகு, அழகு” என்பார். நான் கூடப் போவது நல்லதுதான்.

தோட்டத்துச் சொந்தக்காரர் பெயரை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். தோட்டத்துக்கு எண் மட்டும்தான்.

இவரிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“கோத்தகிரியா? அந்த ரோட்டு வளைவு உனக்கு ஆகாது திலகா. வாந்தி வரும். ஊட்டிப் பக்கம் மாத்திக் கேளேன்.”

“நாப்பது வருஷமா மலையில இருக்கேன். எனக்கு என்ன வாந்தி?”

“அதுக்கில்ல... உன் ஒடம்புக்குச் சொன்னேன்.”

இவருக்கு இப்போதெல்லாம் என்மேல் அக்கறை அதிகமாகிவிட்டது. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 22, சனி

நாலாம் சனி. கோத்தகிரிக்குப் போகவில்லை. முட்டி பரவாயில்லையாம். ஏழு வருஷத்தில் முதல் தடவை. மருந்து கடைசியில் வேலை செய்துவிட்டது போலிருக்கிறது.

ஏப்ரல் 27, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தபோது புகார்ப் புத்தகம் எழுதிய மாதிரி.

கழகத்து ஜீப்பில் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டோம். மத்தியானத்துக்குள் ஆறு தோட்டம். ரோஜா, ஜெரேனியம், பெயின்ட் அடித்த டயர், சிமென்ட் வாத்து. லூர்துசாமி சார் எல்லாவற்றுக்கும் அழகு என்றார்.

ஏழாவது, தோட்டம் எண் 23. டவுனைத் தாண்டி, எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கட்டிய ஓட்டு வீடு. முன்னால் ஒரு சென்ட் இடம்கூட இருக்காது. மேட்டு நிலத்தைக் கல் அடுக்கி மூன்று படியாக்கி, வெயில் விழும் மேல்படியில் மஞ்சள் டே லில்லி, அதன் கீழே நீல அகபந்தஸ், அடிப்படியில் கொத்தமல்லியும் காரட்டும். எளிமை. களை இல்லை. வாடிய பூ ஒன்றுகூடச் செடியில் இல்லை, காலையிலேயே கிள்ளியிருக்கிறார்கள். யாரோ முறையாகக் கற்றுக்கொண்டவர்கள் என்று நினைத்தேன்.

பிறகு மேல்படியின் நடுவில் இருந்த தூரைப் பார்த்தேன்.

பழுத்த பொன். தொண்டையில் பச்சை. ஓரத்தில் சுருக்கம்.

குனிந்து கன்றுகளை எண்ணினேன். முப்பத்துநாலு. ஒற்றைக் கன்றாக நட்டது இத்தனை ஆக வேண்டுமென்றால், பிரிக்காமல் விட்டிருந்தால், ஏழு வருஷம். குறைத்துப் பார்த்தேன், குறையவில்லை. பக்கத்தில் மூன்று வருஷத் தூர் ஒன்று, போன செப்டம்பரில் வைத்தது ஒன்று. என் பாத்தியிலிருந்து இவர் எரிக்கக் கொண்டுபோன ஒவ்வொரு கட்டும் அங்கே வரிசையாக நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏழு வருஷமாக மறைத்து, நான் அந்தச் சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் பத்தொன்பது வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவள் நான்.

“வாங்க சார். வாங்க மேடம்.”

திரும்பிப் பார்க்காமலே யார் குரல் என்று தெரிந்தது. திரும்பினேன். இளைத்திருக்கிறாள். தலையில் நாலைந்து நரை. இருபத்தொன்பது வயசுக்கு அது அதிகம். வாசற்படியில் சின்னதாக ஒரு ஜோடி மழைக்கால பூட்ஸ், மஞ்சள் நிறம். ஐந்து வயசுப் பிள்ளை போடும் அளவு. யாருடையதோ.

லூர்துசாமி சார்தான் பேசினார். “இந்த கோல்டு அற்புதமா இருக்கேம்மா! எங்கயும் பாத்ததில்ல. எங்கேருந்து கெடச்சுது?”

“எங்கப்பா குடுத்தாரு சார்.”

“வெலைக்கு வாங்கினதா?”

“இல்ல சார். எரிக்கச் சொன்னதுன்னு சொன்னாரு. இங்க கொண்டாந்து வச்சோம், பொழச்சுக்கிச்சு.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

“ரகத்தோட பேர் என்னம்மா?”

“தகடு இருக்கு சார்.”

அலுமினியத் தகடு. ஆணியால் கீறி எழுதியது. இவருடைய கையெழுத்து, ‘தி’யின் சுழி எப்போதும் பெரிதாக இருக்கும். ‘திலகவதி’ என்று எழுதியிருந்தது.

“யாரும்மா இது?”

“செடிய உருவாக்குனவங்க பேரு சார். மொதல்ல அவங்க வேற பேரு வச்சிருந்தாங்க. அத அழிச்சிட்டாங்கன்னு அப்பா சொன்னாரு. பேரில்லாம இருக்க வேணாம்னு நாங்க இத வச்சோம்.”

முதலில் வைத்த பெயர் மேகலா, இவளுடைய பெயர். அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது முதன்முதலாகப் பூத்தது. என் தோட்டத்துக்கு மண் கொண்டுவந்து கொட்டிய, சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்து நர்சரி ஆளோடு அவள் போன அன்று, நான்தான் தகட்டை அம்மிக்கல்லில் தேய்த்து அழித்தேன். மேட்டுப்பாளையம் பக்கம் எங்கோ இருப்பதாகத்தான் இவர் சொல்லியிருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லூர்துசாமி சார் குடித்தார். எனக்குத் தாகமில்லை.

ஜீப்பில் உட்கார்ந்து மார்க் போட்டேன். அமைப்பு 30க்கு 27. செடி நலம் 40க்கு 38. சுத்தம் 20க்கு 20. நியாயமாகத்தான் போட்டேன், யாரும் குறை சொல்ல முடியாது. பெயர்த்தகடு, பத்துக்கு.

அந்த ரகத்தின் பெயர் திலகவதி இல்லை. உலகத்தில் அதைச் சரியாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். தகடு தவறு. பத்துக்குச் சுழியம்.

தாளின் அடியில் ஒரு வரி இருக்கிறது: போட்டியாளர்களில் நடுவருக்கு உறவினர் எவரும் இல்லை என உறுதி கூறுகிறேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

எண் 14இல் இன்று ஒன்பது பூ. இவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்க உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினோம்.

மே 8, திங்கள்

முடிவு வந்துவிட்டது. கோத்தகிரி சிறு தோட்டத்தில் சிமென்ட் வாத்துக்காரருக்கு முதல் பரிசு. 23ஆம் எண்ணுக்கு இரண்டாவது. வித்தியாசம் நாலு மார்க்.

சாப்பிடும்போது இவர் கேட்டார்.

“தகட்டுக்கு எத்தன போட்ட?”

அவள் போனில் சொல்லியிருப்பாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன். “சைபர்.”

“பேரு தப்பா?”

“தப்பு.”

“உம் பேரத்தான எழுதியிருந்துச்சு.”

“அதுதான் தப்பு.”

நாற்பத்தொரு வருஷத்தில் இவர் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தது இன்றுதான். எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருஷம் பொய் சொன்னவர் இவர். எழுந்து போக வேண்டியவள் நானல்லவா?

மே 13, சனி

இரண்டாம் சனி. காலை ஏழு மணிக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெரிய பையோடு வந்து நின்றார்.

“கோத்தகிரிக்குப் போறேன். டாக்டர்கிட்ட இல்ல.”

“தெரியும்.”

“பேத்திக்கு அஞ்சு வயசாச்சு. பேரு ஒனக்குத் தெரிய வேணாமா?”

நான் வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பதினொன்று. நிறுத்தவில்லை.

“நம்ம தோட்டத்துக்கு மண்ணு கொட்டின யோகராஜன் அன்னிக்கு எடுபுடியா இருந்தவன்தான். இன்னிக்கு அவனே சொந்தமா நர்சரி வச்சிருக்கான். ஒருநாள்கூட என்ன வெறுங்கையோட அனுப்புனதில்ல திலகா. அந்தக் கொய்யா, அந்த மலைப்பூண்டு, எல்லாம் நீ சாப்பிட்டதுதான்.”

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று இவர் கொண்டுவந்த பூண்டு. நான் ஊறுகாய் போட்டு எதிர்வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன்.

“எப்ப வருவீங்க?” என்று கேட்டேன். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம்.

“பாக்கலாம்” என்றார். போய்விட்டார். இருபத்தாறு பூ.

மே 14, ஞாயிறு

ஐந்து மணி பஸ் நேற்றும் நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை மறந்துவிட்டது. மிச்சம்.

மே 19, வெள்ளி

லூர்துசாமி சார் போன் செய்தார்.

“மேடம், அந்த இருபத்திமூணாம் நம்பர் தோட்டத்தம்மா கழகத்துக்கு வந்திருந்தாங்க. அப்பீல் போடப் போறாங்களோன்னு நெனச்சேன். அதெல்லாம் இல்ல. பேரு தப்புன்னு மார்க் கொறஞ்சிருக்கு, சரியான பேரு என்னன்னு ஜட்ஜ் மேடத்தையே கேட்டுச் சொல்லுங்க, தகட்டத் திருத்தி எழுதணும்ங்கிறாங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். முதல் பூ பூத்த அன்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போனவள் அவள்தான். தெரிந்துதான் கேட்கிறாள்.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

ஒரு வார்த்தைதான். மூன்றே எழுத்து. நாக்கு வரைக்கும் வந்தது. எட்டு வருஷம் இந்த வீட்டில் நான் யாரையும் சொல்லவிடாத பெயரை, யாரோ ஒரு ரிட்டயர்ட் அதிகாரியிடம், போனில், நானே முதலில் சொல்வதா?

“எண் பதினாலு” என்றேன்.

“நம்பர்தான் பேரா?”

“ஆமா சார். அதுக்குப் பேரு கிடையாது.”

எழுதிக்கொண்டார். நன்றி சொன்னார். போனை வைத்த பிறகு வெகுநேரம் கை அதன்மேலேயே இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 27, சனி

நாலாம் சனி. முப்பத்தொரு பூ. பார்க்க யாருமில்லை.

ஜூன் 1, வியாழன்

கேட்டைப் பூட்ட மறந்துவிட்டேன். இந்த வீட்டில் கேட்டைப் பூட்டுவது என் வேலையாக இருந்ததே இல்லை.

விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது பாத்தி உழுத வயலாக இருந்தது. காட்டுப்பன்றிகள். மேலே மேய்ந்திருந்தால் பரவாயில்லை, வேர் இருந்தால் டே லில்லி திரும்ப வரும். இவை வேர்க்கிழங்கைத்தான் தேடித் தோண்டியிருக்கின்றன. ஓரத்தில் இருந்த ஐந்தாறு ரகம் தப்பியது. நடுவில் நான் காவல் வைத்தது போல வைத்திருந்த எண் 14 ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. மண்ணைச் சல்லடையில் சலித்துப் பார்த்தேன். இலையும் மொட்டும் நிறைய. குருத்தோடு சேர்ந்து முளைக்கக்கூடிய வேர் ஒன்றுகூட இல்லை.

யாருக்கும் ஒரு கன்று கொடுக்காதவள் நான். கொடுத்திருந்தால் பத்து வீட்டில் இருந்திருக்கும். இப்போது ஒரே ஒரு வீட்டில் இருக்கிறது.

மத்தியானம் இவர் நம்பருக்குப் போன் போட்டேன்.

“கேட்டப் பூட்ட ஆளில்ல. பன்னி வந்துருச்சு. பதினாலு போச்சு.”

அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல், “தாத்தா, யாரு தாத்தா?” என்றது.

“ரெண்டாம் சனி வர்றேன்” என்றார்.

ஜூன் 10, சனி

பத்தரை மணி பஸ்ஸில் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, திறக்கலாமா என்பது போலப் பார்த்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. “டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டு வந்தீங்களா?”

“இல்ல. அம்மாவப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். விருந்தாளிக்குக் கொடுக்கும் டம்ளரில் ஊற்றிவிட்டேன், கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

குடித்துவிட்டுப் பாத்தியைக் கொத்திக் கொடுத்தார், கேட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். இரண்டாம் சனி, நாலாம் சனி வருவாராம். போகும்போது பையிலிருந்து ஈரப் பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் படியில் வைத்தார்.

“மேகலா குடுத்துச்சு.”

இந்த வீட்டில் அந்தப் பெயர். நான் தடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் பிரித்தேன்.

ஒரே ஒரு கன்று. பெரிய தூரிலிருந்து எடுத்தது. இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரில் பழைய மண்ணை அலசி, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. பதினாறு வயசில் கற்றுக்கொடுத்தது. கூடவே புதிய அலுமினியத் தகடு. இவர் எழுத்தில்லை, அவளுடைய எழுத்து. அழகாக, கோணல் இல்லாமல், நான் கேட்டபடியே எழுதியிருந்தாள்: எண் 14.

குழி எடுத்து, குருத்து ஒரு அங்குலத்துக்கு மேல் புதையாமல் நட்டேன். பூக்க அடுத்த ஏப்ரல் ஆகும். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து, மண்ணில் குத்துவதற்கு முன்னால் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தேன்.